தக்கை சொல்வதும் விரல் சொல்வதும்

ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக் குளக்கரை ஒன்றில் நான் முதன்முதலாகத் தூண்டில் போட்டபோது, சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தக்கை லேசாக நடுங்கினாலே நான் வெடுக்கென்று இழுத்துவிடுவேன். வெறும் முள் தலைக்கு மேலே பறந்து பின்னால் நின்ற உடைமரத்தில் மாட்டிக்கொள்ளும். மூன்று தடவை மரம் ஏறி எடுத்தேன். நான்காவது தடவைதான் அவர் கை வந்து என் மணிக்கட்டில் விழுந்தது. "என்னலே அவசரம்? வந்திருக்கது என்ன மீனுன்னு தக்கை சொல்லும். கேட்டுட்டு இழு."

புதிதாகத் தூண்டில் எடுப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன். நிறையத் தக்கையைப் பற்றித்தான் இருக்கும்.

இடம்

ஊர்க்குளங்களில் பல குத்தகைக்கு விடப்பட்டவை. குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள், பெரும்பாலும் சரி என்பார். அணைகளில் அனுமதிச் சீட்டு தேவைப்படலாம். பாபநாசத்துக்கு மேலே மலைக்குள் இருப்பது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அங்கே தூண்டிலோடு போகாதீர்கள். குளத்தில் இடம் பார்க்கும்போது மடைப்பக்கம், தாமரை இலை முடிகிற விளிம்பு, கரைமரத்தின் நிழல் விழுகிற ஓரம் ஆகியவற்றைப் பாருங்கள். நடுக்குளத்துக்கு வீச வேண்டியதில்லை, மீன் கரையோரத்தில்தான் மேயும். அதனால் கரையில் தடதடவென்று நடக்கக் கூடாது.

சாமான்

முதல் வருஷம் ஒரு மூங்கில் கழி போதும். நாலாயிரம் ரூபாய் கொடுத்து நான் வாங்கிய கம்பு ஒன்று இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே நுனி ஒடிந்தது. கார் கதவில் வைத்து நசுக்கியது நான், கம்பின் மேல் குற்றமில்லை. மூங்கிலாக இருந்தால் வேறொன்று வெட்டியிருப்பேன்.

கழி உங்கள் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு. நரம்பும் கிட்டத்தட்ட அதே நீளம், கனம் 0.25 மில்லிமீட்டர். முள் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: எண் கூடக்கூட முள் சின்னதாகும். பத்தாம் நம்பரை விட ஆறாம் நம்பர் பெரியது. ஜிலேபிக்கும் சிறு கெண்டைக்கும் 8 அல்லது 10, கெளுத்திக்கு 4 அல்லது 6. பெரிய மீன் வரும் என்ற ஆசையில் பெரிய முள் வாங்குவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தப்பு. சின்ன முள்ளில் பெரிய மீன் மாட்டும். பெரிய முள்ளோ சின்ன வாய்க்குள் போகவே போகாது.

முள்ளைக் கட்டும் விதம்: நரம்பு நுனியை முள்ளின் கண்ணுக்குள் விட்டு அரைச்சாண் வெளியே எடுங்கள். அந்த நுனியை மேல் நரம்பின் மீது ஐந்தாறு சுற்று சுற்றுங்கள். பிறகு கண்ணை ஒட்டி நிற்கும் சின்ன வளையத்துக்குள் நுனியை விட்டு, முடிச்சை எச்சில் தொட்டு நனைத்து, மெதுவாக இறுக்குங்கள். காய்ந்த நரம்பை இறுக்கினால் உரசும் சூட்டில் அந்த இடம் பலவீனமாகி, மீன் வந்த நேரத்தில் அறும். ஈயத்தை முள்ளுக்கு நாலு விரல் மேலே குறட்டால் நசுக்கிப் பொருத்துங்கள். சித்தப்பா பல்லால் கடிப்பார். ஈயம் விஷம், நீங்கள் செய்யாதீர்கள்.

தக்கை

எங்கள் ஊரில் மயிலிறகின் தண்டை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டித் தக்கை ஆக்குவோம். நெட்டி, தெர்மாகோல், கடைத் தக்கை எதுவும் ஆகும். ஆனால் இரண்டு வேலையைச் செய்யாமல் மீனுக்குப் போடாதீர்கள்.

முதல் வேலை ஆழம் பார்ப்பது. முள்ளில் கனமான ஈயக்கட்டி ஒன்றை மாட்டி இறக்குங்கள். தக்கை முழுகிப்போனால் நீங்கள் விட்டிருக்கும் நரம்பு போதவில்லை என்று பொருள், தக்கையை மேலே ஏற்றுங்கள். படுத்துக்கிடந்தால் நரம்பு அதிகம், இறக்குங்கள். நுனி மட்டும் தெரிகிற இடம்தான் ஆழம். ஈயக்கட்டியைக் கழற்றிவிட்டு, இரை தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வையுங்கள்.

இரண்டாவது, தக்கை அரை விரல் மட்டுமே வெளியே நிற்கும் அளவுக்கு ஈயம் சேர்ப்பது. பாதித் தக்கை நீருக்கு மேலே நின்றால் மீன் இரையை இழுக்கும்போது எதிர்ப்பு தெரியும், துப்பிவிடும்.

இரைக்கு மண்புழுவை மிஞ்ச எதுவும் இல்லை. வாழைக்குப் பாத்தி கட்டிய ஈரமண்ணைக் கிளறினால் கிடைக்கும். முழுப்புழுவைத் தொங்கவிடாமல், முள்ளை மூடும் அளவுக்குக் கிள்ளிக் கோத்து, வாலை மட்டும் சற்றே துடிக்கவிடுங்கள். கெண்டைக்குக் கோதுமை மாவில் தவிடு கலந்து, காதுமடல் பதத்துக்குப் பிசைந்த உருண்டை.

இனி தக்கை பேசும். டுக், டுக், டுக் என்று குத்திக்குத்தி நடுங்கினால் குஞ்சு மீன்கள் இரையைப் பிய்க்கின்றன, கையை அசைக்காதீர்கள். அந்த நடுக்கம் நின்று, தக்கை சாய்ந்தபடி ஒரு பக்கமாக நகர ஆரம்பித்தால் ஜிலேபி. இந்த மொசாம்பிக் ஜிலேபி 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று இது இல்லாத குளத்தைக் காட்டுவது கஷ்டம், புதியவர்களின் முதல் மீன் அநேகமாக இதுதான். தக்கை கீழே போகாமல், எழும்பிப் படுத்துக்கொண்டால் குழம்பாதீர்கள். கெண்டை தரையிலிருந்து இரையை உறிஞ்சித் தலையைத் தூக்குகிறது, ஈயத்தின் கனம் தக்கைக்கு இல்லாமல் போய்விட்டது. படுத்த கணத்திலேயே இழுக்கலாம். தயங்காமல் நேராக உள்ளே போய் திரும்பி வராவிட்டால் கெளுத்தி. அதற்கு அவசரமே வேண்டாம், தானே மாட்டியிருக்கும். யாரோ பையைத் தூக்கிக்கொண்டு நடப்பதுபோல் ஒரே சீராக நகர்ந்தால் நண்டோ ஆமையோ. ஆமை என்றால் நரம்பை அறுத்துவிடாமல் மெல்லக் கரைக்குக் கொண்டுவந்து முள்ளைக் கழற்றி விடுங்கள்.

இழுப்பது என்றால் மணிக்கட்டு அளவுதான். முழங்கை அசைந்தால் உடைமரம்தான். மாட்டிய மீனைத் தூக்காமல், கழியைச் சாய்த்துப் பிடித்துத் தண்ணீருக்குள்ளேயே களைக்கவிட்டுக் கரைக்குச் சரியுங்கள். ஜிலேபியின் முதுகு முள்ளைத் தலைப்பக்கமிருந்து வால்நோக்கிப் படியவைத்துப் பிடிக்க வேண்டும். கெளுத்திக்கு முதுகில் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று என மூன்று முள். பக்க முட்களுக்குப் பின்னால் விரல்களைக் கொடுத்துப் பிடித்தால் குத்தாது. கொடுக்காவிட்டால் குத்தும், இரண்டு நாள் பேனா பிடிக்க முடியாது.

விரால்

விரால் தனிக்கதை. அது காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் மீன், அதனால் நீரின் மேல்மட்டத்துக்கு வந்து 'ப்ளக்' என்று மூச்சு வாங்கும். அந்தச் சத்தம் வந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உயிர்த்தவளையை முள்ளில் கோப்பது பழைய வழக்கம். நான் விட்டுவிட்டேன், ரப்பர் தவளை அதே வேலையைச் செய்கிறது. தாமரை இலை மேல் விழவைத்து, இலையிலிருந்து தண்ணீருக்கு மெல்ல இறக்குங்கள். தண்ணீர் வெடித்ததும் இழுக்காமல் 'ஒண்ணு, ரெண்டு' எண்ணிவிட்டு இழுங்கள்.

நீர்ப்பரப்பில் செந்நிறக் குஞ்சுகள் கொத்தாக, ஒரு தட்டு அகலத்துக்குக் கொப்பளித்துக்கொண்டு நகர்வதைப் பார்த்தால் அடியில் பெரிய விரால் காவல் இருக்கிறது. அந்த நேரம் ரப்பர் தவளையைப் போட்டால் உறுதியாகப் பாயும். பசியால் பாய்வதல்ல, குஞ்சைக் காக்கப் பாய்வது. அந்தக் கொத்தைக் கண்டால் நான் இடத்தை மாற்றிக்கொள்வேன். ஒருமுறை மாற்றிக்கொள்ளவில்லை. சித்தப்பா அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

முகத்துவாரம்

தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயல் பக்கம் முதன்முதலாகப் போனபோது என் மயில்தண்டுத் தக்கையையும் கொண்டுபோயிருந்தேன். அலையில் அது ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, வலை சீர்செய்துகொண்டிருந்த ஒரு பெரியவர் சிரித்துவிட்டார். "தம்பி, இங்க கண்ணு வேலைக்கு ஆகாது. விரலால பாருங்க." தக்கையை அறுத்தெறியச் சொல்லி, கைத்தூண்டில் கட்டித் தந்தார்.

அவர் கட்டிய விதம்: 0.45 மில்லிமீட்டர் நரம்பு, துளையுள்ள ஈயம் அதில் ஓடும்படி. ஈயத்துக்குக் கீழே ஒரு ஸ்விவல் (சுழலும் வளையம்), அதிலிருந்து ஒரு முழ நரம்பு, நுனியில் முள். மீன் இரையை இழுக்கும்போது நரம்பு ஈயத்துக்குள் வழுக்கி ஓடும், கனம் தெரியாது. கிழங்கானுக்கு 6ஆம் நம்பர் முள்ளில் உரித்த இறால். கொடுவா, பாறைக்கு 2/0 என்ற பெரிய முள்ளில் சாளைத்துண்டு அல்லது கணவாய்க் கீற்று. சுழித்து வீசி, ஈயம் தரையில் உட்கார்ந்ததும் தொய்வை இழுத்து, நரம்பை ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பில் போட்டுக்கொள்ள வேண்டும்.

அலையின் இழுப்பு ஏறி இறங்கும் ஒரே தாளம். அதைப் பத்து நிமிஷம் விரலுக்குப் பழக்குங்கள். பிறகு தாளத்தில் சேராத எதுவும் மீன். கிழங்கான் விரலில் மின்சாரம்போல் இரண்டு தட்டு தட்டும். கொடுவா ஒரு தட்டுக்குப் பிறகு நரம்பையே கொண்டுபோகும், விட்டுக்கொடுக்காவிட்டால் விரல் அறுபடும். துணியோ பழைய சைக்கிள் டியூபோ சுற்றிக்கொள்ளுங்கள். நரம்பு திடீரென்று கனமில்லாமல் போனால் அறுந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மீன் உங்களை நோக்கி வருகிறது, வேகமாக இழுங்கள்.

நேரம் முக்கியம். தூத்துக்குடிப் பக்கம் ஏற்றவற்றம் ஒரு மீட்டரைத் தாண்டுவது அரிது. ஆனாலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இழுப்பு பலமாக இருக்கும். ஆற்றுக்குள் ஏறிய நீர் வற்றத் தொடங்கும்போது இறாலையும் குஞ்சுகளையும் வாரிக்கொண்டு வெளியேறும். கொடுவா வாயிலில் காத்திருக்கும். வற்றத் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தூண்டில் தண்ணீரில் இருக்க வேண்டும். இந்த நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும். இன்று காலை ஆறு மணி என்றால் நாளை ஆறு ஐம்பது.

இரை வட்டமாக வெட்டுப்பட்டு, நரம்பும் கத்தரித்ததுபோல் வந்தால் பேத்தை மீன். தூக்கியதும் வயிறு ஊதிக்கொள்ளும். அதைச் சாப்பிடக் கூடாது. அதன் விஷம் கொதிக்கவைத்தாலும் போகாது. கடல்கெளுத்தி குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை அரைமணி நேரமாவது வையுங்கள், சூட்டில் அந்த விஷம் வீரியம் குறையும். வெந்நீரின் சூட்டைக் குத்துப்படாத கையால் பாருங்கள், வலிக்கிற கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. பிறகு மருத்துவரிடம் போங்கள். கடற்குதிரை கையில் வந்தால் உடனே விட்டுவிடுங்கள், அது வனவிலங்குச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது.

வீட்டுக்கு வந்ததும் முள், ஸ்விவல், ரீல் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். அறுந்த நரம்பைக் கரையில் விட்டால் நீர்க்காகத்தின் காலில் சுற்றிக்கொள்ளும், அதனால் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். அன்று நான் அறுத்தெறிந்த மயில்தண்டுத் தக்கையைப் பெரியவர் பொறுக்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பேரன் குளத்துக்குப் போவானாம், அவனுக்கு ஆகும் என்றார்.