இரு வில்லைகளும் ஒரு காட்சியும்

நிழற்படக் கலையிற் பழகுவோர், "இந்த லென்ஸ் நன்று, அந்த லென்ஸ் தீது" என்று எளிதிற் கூறிவிடுவர். எதனில் நன்று, எதனில் தீது என்று ஆராய்வார் சிலரே. லென்ஸ் என்னும் கண்ணாடி வில்லைக்குக் கூர்மை, நிறம் என இரண்டு குணங்கள் உண்டு. ஒன்றிற் சிறந்தது மற்றொன்றிலும் சிறக்கும் என்பது நியதியன்று. இதனை யான் அறிந்த வகையை ஈண்டு உரைப்பேன்.

வெண்ணிற ஒளி பல நிறங்களின் சேர்க்கை என்று நியூட்டன் காட்டினார். கண்ணாடியிற் புகும் ஒளியில் நீலம் மிகுதியாகவும் சிவப்புக் குறைவாகவும் வளைதலின், அவை ஒரே இடத்திற் குவியா. ஆதலால் பொருளின் ஓரத்தில் நிறக்கோடு படியும். இருவகைக் கண்ணாடிகளை இணைத்து இக்குறையைத் தணிக்கும் வில்லைக்கு, லண்டன் நகரத்து ஜான் டாலண்ட் 1758-இல் உரிமை பெற்றார். ஜெர்மனியின் ஸைஸ் தொழிற்சாலையில் 1902-இல் தோன்றிய டெஸ்ஸார், நான்கே கண்ணாடிகளால் மிக்க கூர்மை தந்தது. எனினும், பூச்சற்ற கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேற் படும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்களவு திருப்பிவிடும். அவ்வொளி உள்ளே அலைந்து, படத்தின்மேல் மெல்லிய திரைபோற் படியும், நிறம் வெளிறும். 1935-இல் ஸைஸைச் சார்ந்த ஸ்மக்குலா கண்ட மெல்லிய பூச்சு இதற்கு மருந்தாயிற்று.

சென்ற விடுமுறையில், என் பாட்டனார் வைத்துச் சென்ற பூச்சற்ற டெஸ்ஸார் வகை வில்லையையும், பூச்சுள்ள புதிய வில்லை ஒன்றையும் எடுத்துக்கொண்டு பேரூர் சென்றேன். காமிரா ஒன்று, முக்காலி ஒன்று, குவியத் தூரம் இரண்டுக்கும் 50 மில்லிமீட்டர். மாலைச் சூரியன் படத்தின் எல்லைக்குச் சற்றே வெளியே நிற்க, நொய்யற்கரைத் தென்னைகளைப் படம் எடுத்தேன். பழையதில் ஓலையின் நரம்பும் தெளிவாயிற்று. பச்சையோ சாம்பல் பூத்திருந்தது. புதியதில் பச்சை பசுமையாகவே நின்றது. ஆயினும், துவாரத்தை முழுதும் திறந்தபோது ஓலை நுனிகளில் ஊதாக் கோடு தோன்றிற்று. துவாரத்தைச் சற்றுக் குறுக்கவே அது பெரிதும் மறைந்தது.

பழைய வில்லையைப் பெட்டியில் இட்டுவிட எண்ணினேன். இடுமுன், வெயில் அதன் முகத்திற் படாதவாறு என் தொப்பியால் மறைத்து மீண்டும் ஒரு படம் எடுத்தேன். பச்சை திரும்பிற்று! பூச்சில்லாக் குறை உண்மையே. அதனைப் பெருக்கியது என் கவனமின்மை.

ஆதலின், வில்லைகளை ஒப்பிடுவோர் ஒளி, தூரம், துவாரம் மூன்றையும் ஒன்றாகவே வைத்து, வில்லையை மட்டும் மாற்றுக. கூர்மையை வேறாகவும் நிறத்தை வேறாகவும் நோக்குக. அதன்பின் தீர்ப்புக் கூறுக. பாட்டனாரின் வில்லை இன்று பெட்டியில் இல்லை. அட்டையாற் செய்த நிழற்குழல் ஒன்றை அணிந்து என் காமிராவில் இருக்கிறது.