கேட்போர் கடிந்துரைத்தால்

ஊதியம் கருதாது ஒரு கலையில் ஈடுபடுவோர் எக்காலத்தும் உளர். பகலெல்லாம் கழனியிலோ கடையிலோ அலுவலகத்திலோ உழைத்துவிட்டு, மாலையில் வில்லுப்பாட்டுப் பயில்வோரும் நாடக ஒத்திகை பார்ப்போரும் நெல்லைச் சீமையில் என்றும் இருந்துவந்திருக்கின்றனர். இந்நூற்றாண்டில் அவர்களோடு புதியதோர் இனத்தாரும் சேர்ந்துள்ளனர். அவரே வலையொலியாளர். 2004ஆம் ஆண்டில் ஆங்கில நாளிதழ்க் கட்டுரை ஒன்றில் தோன்றிய 'பாட்காஸ்ட்' என்னும் சொல்லைத் தமிழர் வலையொலி என வழங்குகின்றனர். இதற்கு வானொலி நிலையம் வேண்டா, பெரும்பொருளும் வேண்டா. கைபேசி ஒன்று இருந்தால், தாம் விரும்பிய பொருளைப் பேசிப் பதிந்து உலகத்தார் செவிக்கு அனுப்பிவிடலாம். கேட்டவர் ஐந்து விண்மீன்களுள் எத்தனை தரத்தக்கது என்று கணித்து, தம் கருத்தையும் எழுதி அனுப்புவர்.

இங்கேதான் இடர் தொடங்குகிறது. மேடையில் பேசுவோன் அவையின் முகத்தைக் காண்கிறான். முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டால் பேச்சைச் சுருக்கிக்கொள்கிறான். வலையொலியாளனுக்கோ கேட்போர் முகம் தெரிவதில்லை. தீர்ப்பு மட்டும் பின்னர் வந்து சேர்கிறது. முகம் காணாதவரைக் கடிந்துரைப்பது எவர்க்கும் எளிது. இன்சொல் நூறு வந்தாலும், வன்சொல் ஒன்றே இரவெல்லாம் நெஞ்சில் நின்று வருத்தும். கூலிக்குச் செய்பவன் கூலியை எண்ணி ஆறுதல் கொள்வான். விருப்பத்தின் பொருட்டுச் செய்பவனுக்கு அந்த ஆறுதலும் இல்லை. ஆதலின் சிலர் முதல் வன்சொல்லோடு வாய்மூடிவிடுகின்றனர். வேறு சிலர் வசைக்கு வசை தொடுக்கின்றனர்.

தென்காசி இளைஞர் ஒருவர் ஐந்தருவியைப் பற்றிப் பேச விழைகிறார் என்று கொள்வோம். குற்றாலப் பேரருவியினின்று ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தொலைவில், மலையினின்று இறங்கும் நீர் ஐந்து கிளைகளாகப் பிரிந்து பாறைமேல் விழும் இடம் அது. ஆனியிலும் ஆடியிலும் சாரல் தூவும்போது அங்கே நிற்பவர்க்குப் பேச்சே எழுவதில்லை. நம் இளைஞரோ அருவிக்கரையிலேயே நின்று பேசிப் பதிந்து அனுப்புகிறார். மூவர் தீர்ப்பெழுதுகின்றனர். "அருவிதான் பேசியது, நீர் பேசியது கேட்கவில்லை" என்கிறார் ஒருவர். "ஐந்தருவி என்று பெயரிட்டுவிட்டுப் பாதி நேரம் கடைத்தெரு மங்குஸ்தான் பழத்தின் விலையைப் பேசினீர்" என்கிறார் மற்றொருவர். "இந்தக் குரலுக்கு இந்த ஆசை ஏன்?" என்கிறார் மூன்றாமவர்.

மூன்றும் ஒரேபோலச் சுடுகின்றன. ஆயினும் மூன்றும் ஒன்றல்ல. முதலாவது தொழில் நுட்பக் குறை. நம் இரு செவிகளும் மனமும் கூடி, பேரிரைச்சலின் நடுவிலும் நண்பன் குரலைத் தேர்ந்து கேட்கும் ஆற்றலுடையன. கருவிக்கு அவ்வாற்றல் இல்லை. வந்ததை எல்லாம் வாங்கிக்கொள்ளும். மேலும், வீழும் நீரின் ஓசையில் தாழ்ந்த ஒலியும் உயர்ந்த ஒலியும் கலந்தே இருப்பதால், பேச்சிலுள்ள மெல்லிய மெய்யொலிகள் அதில் மூழ்கிவிடுகின்றன. அருவியோசையைத் தனியே பதிந்து, பேச்சை வீட்டில் கதவடைத்துப் பதிந்து, இரண்டையும் பின்னர்ச் சேர்த்தால் இக்குறை நீங்கும். இரண்டாமவர் காட்டிய குற்றத்துக்கு நம் முன்னோர் பெயரே இட்டுள்ளனர். பவணந்தி முனிவர் நன்னூலில் நூலுக்குரிய குற்றம் பத்து என வகுத்தார். அவற்றுள் மற்றொன்று விரித்தல் என்பது இதுவே. கூறியது கூறல், மிகைபடக் கூறல், தொடக்கத்தில் வீறுடன் எழுந்து போகப்போக மெலியும் சென்றுதேய்ந்திறுதல் ஆகியவையும் அப்பத்தினுள் அடங்கும். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நூலாசிரியருக்குச் சொன்னவை இன்றைய வலையொலிக்கு எத்துணைப் பொருந்துகின்றன! மூன்றாமவர் கூற்றில் குற்றப்பெயர் ஒன்றும் இல்லை. திருத்திக்கொள்ளத்தக்க பொருளும் இல்லை. அதற்கு மறுமொழி எழுதுவது வீண்.

இவ்வாறு எளிதில் பிரிக்கவியலாத கண்டனமும் உண்டு. கற்றறிந்தவர், நம் குறையை அன்றி நாம் பற்றி நிற்கும் கொள்கையையே தவறென்று கடிந்துரைப்பது அது. குற்றாலத்தில் வாழ்ந்த ஒருவர் அத்தகைய கண்டனத்தை ஆண்டுக்கணக்கில் தாங்கினார். அவர் 'ரசிகமணி' எனப் புகழப்பெற்ற டி. கே. சிதம்பரநாத முதலியார்.

1882ஆம் ஆண்டு பிறந்த டி.கே.சி. சட்டம் பயின்றவர். ஆயினும் வழக்காடுவதில் அவர் மனம் பற்றவில்லை. தமிழாசிரியர் தொழிலும் அவருடையதன்று. பாட்டில் தோய்ந்து பேசுவதே அவர் விருப்பம். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் இல்லத்துத் தொட்டிக்கட்டில் ஞாயிறுதோறும் மாலையில் நண்பர்கள் கூடுவர். அக்கூட்டத்திற்கு வட்டத்தொட்டி என்றே பெயர் அமைந்தது. ஒரு பாடலை எடுத்துக்கொண்டால், அதனைப் பலமுறை சொல்லிச் சொல்லி, ஓசையினின்றே பொருளை எழச்செய்வார். அருஞ்சொல்லுக்குப் பொருள் கூறி நகரும் புலவர் முறை அவருக்கு உவப்பன்று. எழுதும்போதும் பேசுவது போன்ற எளிய நடையிலேயே எழுதினார். பின்னர்க் குற்றாலத்தில் குடியேறியபோது, அருவியாட வந்தவர் பலர் அவர் பேச்சிலும் ஆடிச் சென்றனர்.

கம்பனிடம் அவர் கொண்ட காதலே கண்டனத்துக்கும் காரணமாயிற்று. கம்பராமாயணத்துள் சுவை குன்றியனவாகவும் ஓசை இடறுவனவாகவும் தமக்குத் தோன்றிய பாடல்களைக் கம்பர் பாடியவை அல்ல, பிற்காலத்தார் செருகியவை என்று அவர் கூறினார். ஆயிரக்கணக்கான பாடல்களை ஒதுக்கினார். சிலவற்றில் சொற்களையும் மாற்றினார். புலவர் உலகம் கொதித்தெழுந்தது. உ. வே. சாமிநாதையர் போன்றோர் ஊர் ஊராகச் சென்று ஏடுகளைத் தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பாடபேதம் குறித்துப் பதிப்பித்த நாடு இது. அத்தகைய நாட்டில், ஏட்டுச் சான்று காட்டாது செவிச்சுவை ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு ஒருவர் பாடல்களைக் களைந்தால் சினம் எழாதோ?

இவ்வழக்கில் கண்டித்தோர் பக்கமே நியாயம் மிகுதி எனல் வேண்டும். பெரும்புலவனும் பதினாயிரம் பாடலில் சிலவிடத்துத் தளர்வான். தளர்ந்த பாடல் அவனுடையதன்று என்பது அன்பின் முடிவேயன்றி ஆராய்ச்சியின் முடிவன்று. ஒருவர் செவிக்கு இடறுவது மற்றொருவர் செவிக்கு இனிக்கவும் கூடும். அன்பர் குழாத்தின் நடுவே அமர்ந்து பேசுவோனுக்கு மாற்றுக்குரல் உரக்கக் கேட்பதும் அரிது. தம்மை விரும்பிக் கேட்போரின் பாராட்டை மட்டும் படிக்கும் வலையொலியாளனும் இவ்விடரில் அகப்படுவான்.

ஆனால் டி.கே.சி. நின்ற நிலையை நோக்குமின். கண்டனத்துக்கு அஞ்சி அவர் பேச்சை நிறுத்தவில்லை. தாம் தேர்ந்த பாடல்களை விளக்கத்தோடு 'கம்பர் தரும் இராமாயணம்' என மூன்று தொகுதிகளாக அச்சிட்டு வெளியிட்டார். இது துணிவான செயல். வாய்ச்சொல்லாக இருந்தவரை காற்றோடு போகும். அச்சேறிய பின்னரோ எவரும் முழுநூலோடு ஒப்பிட்டுப் பார்த்து, இன்ன பாடல் நீக்கப்பட்டது, இன்ன சொல் மாற்றப்பட்டது எனச் சுட்டலாம். தம்மைக் கடிந்தவர் கையிலேயே அவர் அளவுகோலைக் கொடுத்துவிட்டார். அதே காலத்தில், அவருடைய சுவைநெறி கம்பனைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றதையும் மறுப்பதற்கில்லை. 1939இல் சா. கணேசன் காரைக்குடியில் தொடங்கிய முதல் கம்பன் விழாவுக்குத் தலைமை தாங்கியவர் டி.கே.சி.யே.

இவரே மற்றொரு களத்தில் கடிந்துரைப்போர் வரிசையில் நின்றார் என்பது சுவையான செய்தி. அக்காலத்துத் தமிழ்நாட்டுக் கச்சேரிகளில் தெலுங்கும் வடமொழியுமே மிகுதி; தமிழ்ப்பாட்டு இறுதியில் துக்கடாவாக வந்து போகும். கேட்போர்க்குப் பொருள் விளங்காத பாட்டால் பயன் என்ன என்று வினவியவருள் டி.கே.சி.யும், அவர்தம் நண்பர் கல்கியும் முன்னின்றனர். கல்கி முன்னரே ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் இசை விமரிசனம் எழுதி வித்துவான்கள் பலரை நடுங்கவைத்தவர். 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. இசைவாணர் சிலர் சினந்தனர். எனினும் பின்வந்த ஆண்டுகளில் மேடைகளில் தமிழ்ப்பாட்டுப் பெருகிற்று. கேட்போர் கடுஞ்சொல்லுள்ளும் பொருள் இருந்தமையால் அன்றோ அது பயன் விளைத்தது?

கண்டனத்தை எதிர்கொள்ளும் வகைகளையும் நன்னூல் எண்ணிச் சொல்கிறது. எழுவகை மதம் என்பது அது. பிறர் சொன்னதற்கு உடன்படலாம், மறுக்கலாம், முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர்க் களையலாம், தானே ஒன்றை நாட்டி அதனை நிலைநிறுத்தலாம். இருவர் மாறுபட்டு உரைத்தவற்றுள் ஒன்றைத் துணியலாம். பிறர் நூலின் குற்றத்தைக் காட்டலாம். எவரோடும் படாது தன் கொள்கையே கொள்ளலாம். வசைபாடுதல் இவ்வேழனுள் இல்லை. வாளாவிருந்து தொழிலை விட்டொழிதலும் இல்லை. அருவிக்கரை இளைஞர் தம்மைக் கடிந்த முதல் இருவர்க்கும் உடன்பட்டு, அடுத்த பேச்சைத் திருத்திப் பதிவதே முறை. தம் தலைப்பே பொருந்தாது என்று அறிஞர் ஒருவர் மறுத்துரைத்தால், தம் சான்றை எடுத்து நாட்டவேண்டும். சான்று இல்லையேல் தேடவேண்டும். டி.கே.சி. தம் கொள்கையை நாட்டினார். ஏட்டுச் சான்றால் அதனை நிறுத்தியிருந்தால் கம்பன் பதிப்பு வரலாறே வேறாயிருக்கும்.

அவர் 1954ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் குற்றாலத்தில் மறைந்தார். 1976இல் சென்னைக் கம்பன் கழகம் வெளியிட்ட பதிப்பில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் உள்ளன. அவர் ஒதுக்கியவை பல அங்கே தத்தம் இடத்தில் நிற்கின்றன. அப்பதிப்பையும் அவருடைய மூன்று தொகுதிகளையும் அருகருகே வைத்து, ஒரு படலத்தை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பவர்க்கு, அவர் செவி எங்கே நுட்பமாகக் கேட்டது, எங்கே விரைந்து முடிவு செய்தது என்பது புலனாகும்.