பெரிய கணப்படுப்பு வேண்டாம்

கேள்வி: நார்வேயில் பழைய மரவீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். கூடத்திலுள்ள விறகுக் கணப்படுப்பு 1980களில் வைத்தது. மாற்றும்போது பெரிதாகவே வாங்கிவிடலாமா?
– வாசகி, பெர்கன்

பதில்: வேண்டாம். கடையில் 10 கிலோவாட் அடுப்பைக் கண்டால் ஆசை வரும்தான். ஆனால் குளிர் புகாதபடி ஓரளவு அடைத்த கூடத்துக்கு 5, 6 கிலோவாட்டே தாராளம். பெரிய அடுப்பை நன்றாக எரியவிட்டால் அரை மணியில் அறையில் உட்கார முடியாது. உடனே காற்று வரும் வழியைக் குறைப்பீர்கள். வினையே அங்கேதான். காற்றில்லாத விறகு புகைந்து கண்ணாடி கறுக்கும். புகைபோக்கியின் உட்சுவரில் தார் படியும். அந்தத் தார் ஒருநாள் தீப்பற்றும்.

மாற்ற நினைத்தது நல்ல முடிவு. 1998 முதல் அங்கே புதிய அடுப்புகள் புகையையும் சேர்த்து எரிக்கும் வகையாக இருக்க வேண்டும். மேற்புறம் தனி வழியில் வரும் சூடான காற்று, எரியாத வாயுக்களைப் பற்றவைக்கும். விறகு மிச்சம். வார்ப்பிரும்பு அடுப்பு சட்டென்று சூடாகும்; சோப்புக்கல் அடுப்பு மெதுவாகச் சூடேறி நெடுநேரம் தாங்கும். கல்லின் எடையைப் பழைய மரத்தரை தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். கட்டையைப் பிளந்து, உள்முகத்தில் ஈரம் அளக்கும் மீட்டரைக் குத்திப் பாருங்கள்; வெளிப்புறம் ஏமாற்றும்.

வாங்குமுன் புகைபோக்கியைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பொருத்தியதும் நகராட்சியின் தீயணைப்புப் பிரிவுக்குத் தெரிவித்துவிடுங்கள்.