கண்டிக் கத்தி எந்த ஊர்க் கத்தி? நம்பிக்கைகளும் உண்மைகளும்

அம்பிட்டியவிலும் தலாத்துஓயாப் பக்கத்து ஊர்களிலும் பழைய கத்தி ஒன்றைக் காட்டி, “இது ராசா காலத்துச் சாமான்” என்பவர்கள் உண்டு. சில வேளை அது சரி. பல வேளை இல்லை.

நம்பிக்கை: அலகில் ஐரோப்பிய முத்திரை இருந்தால் அது வெள்ளைக்காரர் ஆயுதம்.

உண்மை: அலகு கடல் கடந்து விலைக்கு வரும் பொருள். கஸ்தானே எனும் குறுவாள்கள் சிலவற்றின் அலகில் ஒல்லாந்தக் கம்பனியின் வி.ஓ.சி. முத்திரையே இருக்கிறது. ஆனால் சிங்கமும் மகரமும் தலைநீட்டும் பிடி இந்த நாட்டுக் கைவேலை. தஞ்சாவூர்க் கட்டாரிகள் பலவற்றிலும் ஐரோப்பிய வாளின் அலகைத்தான் பொருத்தினார்கள். எனவே பிடியையும் உறையையும் முதலில் பாருங்கள். அலகு பிறகு.

நம்பிக்கை: கஸ்தானே என்றால் கண்டி.

உண்மை: கரையோரத்து முதலியார்களும் அதைப் பதவிச் சின்னமாக அணிந்தார்கள், பிரித்தானியர் காலத்திலும்கூட. சிங்கத்தலையை மட்டும் பார்த்து ஊரைச் சொல்ல முடியாது.

கண்டிக்கே உரியது பிஹாகெத்த என்ற கத்தி. கனத்த அலகு, ஒரு பக்கம் மட்டும் கூர். பிடியை ஒட்டிய இடத்தில் வெள்ளியோ பித்தளையோ பதித்த கொடிவேலை. பிடி கொம்பு, தந்தம், கருங்காலி, அபூர்வமாகப் பளிங்கு. மேலானவற்றைச் செய்தவர்கள் ‘பட்டல் ஹத்தர’ என்ற நான்கு அரச பட்டறைகளின் கம்மாளர்கள். அந்தக் கைவினை மரபை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் பதிவு செய்திராவிட்டால், இன்று நமக்கு அடையாளம் காணும் வழியே குறைந்திருக்கும்.

நம்பிக்கை: பிஹாகெத்த ஆளைக் குத்தும் கத்தி.

உண்மை: சில உறைகளில் கத்தியோடு எழுத்தாணியும் செருகியிருக்கும். ஓலை எழுதும் அதிகாரியின் இடுப்புக்கு உரியது அது.

நம்பிக்கை: வெள்ளி உறை, சங்கிலி எல்லாம் இருந்தால் கண்டிக் கத்திதான்.

உண்மை: உறையிலிருந்து சங்கிலியில் காதுக் குறும்பிவாங்கியும் சிமிட்டாவும் தொங்கினால், பிடியில் கிளித்தலை இருந்தால், அது குடகு நாட்டுப் பீச்சங்கத்தி.

நம்பிக்கை: பாட்டன் வைத்திருந்த வளைந்த கத்தி அரண்மனையிலிருந்து வந்தது.

உண்மை: அது பெரும்பாலும் தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்தி. கண்டி அரசு 1815இல் வீழ்ந்தது. லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை 1867இல்தான் வந்தது. அரண்மனைக் கதை இல்லாவிட்டாலும் அதைத் தூக்கி எறியாதீர்கள். மலையகத்து உழைப்பின் சாட்சியாக அதற்குத் தனி மதிப்பு உண்டு.

ஒரு பொருள் வந்த வழியைத் தேடுவதும் முக்கியம். 1765இல் ஒல்லாந்தர் கண்டியைத் தாக்கியபோது அள்ளிச் சென்ற பொருட்களில் ஆறினை நெதர்லாந்து 2023இல் திருப்பித் தந்தது. லெவ்கே பீரங்கியோடு இரண்டு கஸ்தானேயும் ஒரு கத்தியும் வந்தன. அவை எங்கிருந்து போயின என்பதை ஆய்வாளர்கள் தேடி நிறுவிய பிறகே அது நடந்தது.

உங்களிடம் பழைய கத்தி இருந்தால் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்காதீர்கள். பதித்த வெள்ளி தேய்ந்து போகும். பிடியையும் உறையையும் படமெடுத்து, தலதா மாளிகைக்கு அருகிலுள்ள கண்டி தேசிய நூதனசாலைக்குப் போய் ஒப்பிட்டுப் பாருங்கள். தொல்பொருளை அனுமதிப்பத்திரம் இன்றி நாட்டுக்கு வெளியே அனுப்புவது சட்டப்படி குற்றம்.