தொலைவிலிருந்து வைத்தியம்: நாம் அறிய வேண்டியவை



ரயில்வேயில் சிக்னல், தொலைத்தொடர்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். லெவல் கிராசிங்கில் கேட்மேன் கேட்டை மூடிவிட்டு, ஸ்டேஷன் மாஸ்டரிடம் போனில் "மூடியாச்சு" என்று மட்டும் சொன்னால் போதாது. தன்னிடமுள்ள தாளிலிருந்து ஒரு 'பிரைவேட் நம்பர்' தர வேண்டும். அதைப் பதிவேட்டில் எழுதிய பிறகே வண்டிக்குச் சிக்னல். கேட்டைக் கண்ணால் பார்க்காத ஒருவர் முடிவெடுக்க வேண்டியிருப்பதால்தான் இந்த ஏற்பாடு. தொலை மருத்துவமும் அப்படித்தான். நோயாளியைத் தொட்டுப் பார்க்காத மருத்துவர், நம் சொல்லை நம்பி முடிவெடுக்கிறார்.

வந்த வழி

ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் உள்ள அரகொண்டா கிராமத்தில் 2000ஆம் ஆண்டில் அப்போலோ மருத்துவமனை ஒரு தொலை மருத்துவ மையத்தைத் தொடங்கியது. பிறகு இஸ்ரோவின் செயற்கைக்கோள்கள் இதற்கு உதவின. 2019இல் மத்திய அரசின் இ-சஞ்சீவனி தொடங்கியது. கிராம சுகாதார மையத்தில் இருக்கும் ஊழியர், தொலைவிலுள்ள மருத்துவருடன் நோயாளியை இணைப்பார். 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின்போது, வீட்டிலிருந்தே மருத்துவரிடம் பேசும் வசதியும் வந்தது. மனநல ஆலோசனைக்கு 2022 முதல் டெலி-மானஸ் இருக்கிறது, எண் 14416. அதில் தமிழிலும் பேசலாம்.

விதிகள்

2020 மார்ச் 25 அன்று அரசு இதற்கான நெறிமுறைகளை வெளியிட்டது. மருத்துவர் தம் பெயரையும் தகுதியையும் நமக்குச் சொல்ல வேண்டும். மருந்துச் சீட்டில் பதிவு எண் இருக்க வேண்டும். நோயாளியின் பெயர், வயதை அவர் கேட்டு உறுதிசெய்துகொள்வார். பாரசிட்டமால், ஓ.ஆர்.எஸ். போன்றவற்றைக் குரல்வழிப் பேச்சிலேயே சொல்லலாம். வேறு சில மருந்துகளை முதல் தடவை எழுதுவதற்குக் காணொலியில் நோயாளியைப் பார்த்தாக வேண்டும். போதை மருந்து வகைகளை எழுத அனுமதி இல்லை. ஆகவே மருத்துவர் ஒரு மருந்தை எழுத மறுத்தால் கோபப்பட வேண்டாம்.

என் வீட்டில் நடந்தது

அம்பாசமுத்திரத்திலிருந்து போபாலுக்கு என்னோடு வந்த என் தாயாருக்கு வயது 86. இந்தி தெரியாது. ஒருநாள் காலை, "ஏய்யா, நெஞ்சைக் கரிக்குது, தோளு கனத்துக் கிடக்கு" என்றார். கைப்பேசியில் காணொலி வழியாக ஒரு மருத்துவரிடம் பேசினேன். முந்தின இரவு சாப்பிட்டது சேரவில்லை என்று நானே முடிவுசெய்துகொண்டு, "வாயுத் தொல்லை" என்று இந்தியில் சொன்னேன். தோளைப் பற்றிச் சொல்லவே இல்லை. அவர் விடவில்லை. "அம்மா முகத்தைக் காட்டுங்கள். எங்கே வலி என்று அவரே கையால் தொட்டுக் காட்டட்டும்" என்றார். அம்மா உள்ளங்கையை நெஞ்சின் நடுவில் வைத்து, இடது தோள் வரை இழுத்துக் காட்டினார். நெற்றியில் வியர்வை. "போனை வையுங்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்" என்றார் மருத்துவர். மாரடைப்பு என்று இ.சி.ஜி. காட்டியது. அம்மா பிழைத்தார். பிழை என்னுடையது. நான் அவர் சொன்னதை மொழிபெயர்க்கவில்லை. என் தீர்ப்பைச் சொல்லிவிட்டேன்.

பேசுவதற்கு முன்

1. நோயாளி சொன்ன சொற்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எப்போது தொடங்கியது, எந்த இடம், எது செய்தால் கூடுகிறது என்பதையும் குறியுங்கள்.

2. காய்ச்சல், ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றை நேரத்துடன் குறித்து வையுங்கள். ரத்த அழுத்தம் பார்க்குமுன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும்.

3. சாப்பிடும் மருந்து அட்டைகள் அனைத்தும் கையருகே இருக்கட்டும். நாட்டு மருந்தையும் மறைக்க வேண்டாம். ஒவ்வாமை இருந்தால் முதலில் சொல்லுங்கள்.

4. வெளிச்சம் முகத்தில் விழும்படி நோயாளியை உட்கார வையுங்கள். கேள்விக்கு முடிந்தவரை அவரே பதில் சொல்லட்டும்.

5. முடிவில் மருந்தின் பெயர், அளவு, வேளை, எத்தனை நாள் என்பதைத் திருப்பிச் சொல்லி, "சரிதானே டாக்டர்?" என்று கேளுங்கள். நம் வீட்டுப் 'பிரைவேட் நம்பர்' இதுதான்.

எப்போது கூடாது?

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முகம் ஒருபக்கம் கோணுதல், கை கால் திடீரென வலுவிழத்தல், பேச்சுக் குழறல், வலிப்பு, நினைவிழத்தல், நிற்காத ரத்தப்போக்கு ஆகியவற்றுக்குக் காணொலி ஆலோசனை தேடி நேரத்தை வீணாக்கக் கூடாது. 108ஐ அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்கு விரையுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கான தொடர் ஆலோசனை, பரிசோதனை முடிவைக் காட்டுதல், சாதாரணச் சளி போன்றவற்றுக்குத் தொலை மருத்துவம் பெரிதும் கைகொடுக்கும்.

நம்மில் பலர் வீட்டுப் பெரியவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர்கள். அந்தப் பொறுப்பு சிறியதல்ல. அவர்கள் சொன்னதைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்வோம்.