முதியோர் இல்லத்தில் வாழ்வோருக்கும் உரிமை உண்டு

சில வருடங்களுக்கு முன், குடாநாட்டிலுள்ள ஒரு முதியோர் இல்லத்திற்கு, நடமாட முடியாதவர்களுக்கு நன்மை கொடுப்பதற்காகச் சென்றிருந்தேன். அன்று வெளிநாட்டில் வாழும் ஒரு குடும்பத்தவர், தங்கள் தகப்பனாரின் ஆண்டு நினைவாக அங்கே மதிய போசனம் கொடுத்திருந்தனர். பன்னிரண்டு மணிக்கே எல்லோரையும் மேசையில் இருத்திவிட்டார்கள். படம் பிடிப்பவர் வந்து சேர ஒன்றரை மணியாயிற்று. அதுவரை சோறும் கறியும் மூடியபடியே இருந்தன. இருந்தவர்களிற் பலர் நீரிழிவு நோயாளர்.

உடுவிலைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அங்கே இருந்தார். நான் விடைபெறும்போது அவர் மெதுவாகச் சொன்னார்: "சுவாமி, குறை சொல்லக் கூடாது. சாப்பாடு தருகினம், மருந்து தருகினம். ஆனால் உங்களுக்கு என்ன வேணும் எண்டு ஒருத்தரும் எங்களைக் கேக்கிறேல்லை."

எரிக்கோ நகர வழியோரத்தில் இருந்த குருடனிடம், அவனுக்கு என்ன வேண்டும் என்று நம் ஆண்டவர் கேட்டார். குருடனுக்கு வேண்டியது பார்வை என்பது யாருக்குத்தான் தெரியாது? தெரிந்திருந்தும் கேட்டார். அவனும் தன் வாயால் பதில் சொல்லத்தக்க மனிதன் என்று மதித்தார். இந்த வாரப் பாடத்தின் சாரமும் அதுவே.

இரக்கம் மட்டும் போதுமா?

முதியோரைப் பேணும் பணி இரக்கத்திலிருந்து பிறந்தது. 1839ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டிலே ஜான் யூகான் என்ற ஏழைப் பெண், பார்வையற்ற ஒரு விதவைத் தாயைத் தம் இருப்பிடத்திற்குக் கொண்டு சென்று, தமது கட்டிலையே அவருக்குக் கொடுத்தார். ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை அந்தக் கட்டிலிலிருந்து தோன்றியது. 2009ஆம் ஆண்டு அவர் புனிதராக உயர்த்தப்பட்டார்.

ஆனால் இரக்கம் கொடுப்பவரின் மனநிலையைப் பொறுத்தது. இன்று மனமிருந்தால் கொடுப்பார். நாளை மனமில்லாவிட்டால் விடுவார். உரிமையோ பெறுபவரோடு பிறந்தது. அதை யாரும் மனம் வைத்துக் கொடுக்கவேண்டியதில்லை. யாரும் மறுக்கவும் முடியாது. அதனாற்றான் ஐக்கிய நாடுகள் சபை 1991ஆம் ஆண்டு முதியோருக்கான பதினெட்டுக் கோட்பாடுகளை ஏற்றுக்கொண்டபோது, இல்லங்களில் வாழ்வோரைத் தனியே குறிப்பிட்டது. பராமரிப்பு நிலையம் எதில் தங்கியிருந்தாலும், அவர்களுடைய மாண்பும் நம்பிக்கையும் அந்தரங்கமும் மதிக்கப்படவேண்டும். தங்கள் பராமரிப்பைப் பற்றித் தாங்களே தீர்மானிக்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு என்பது அதன் கருத்து.

நம்மவர் பெருந்தொகையாக வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் வாழ்வோரின் உரிமைகள் சட்டத்திலேயே பட்டியலாக எழுதப்பட்டுள்ளன. வாழ்வோர் தங்களுக்குள் அமைக்கும் சபை ஒன்றும் ஒவ்வோர் இல்லத்திலும் இருக்கவேண்டும். ரொறன்ரோவில் இருக்கும் மகன் தன் மாமியாருக்கு அங்கே எதிர்பார்க்கும் மரியாதையை, யாழ்ப்பாணத்தில் உள்ள தன் தாயாருக்கும் எதிர்பார்க்கலாமல்லவா?

நமது நாட்டின் சட்டம்

இலங்கையிலும் சட்டம் உண்டு. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரை வேண்டுமென்றே கைவிடலாகாது என்றும், அவர்களைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்றும் கூறுகின்றது. தம்மைத் தாமே பராமரிக்க முடியாத முதியவர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் பெற்றுத் தரும்படி பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். முதியோர் இல்லம் நடத்துவோர் பதிவு செய்துகொள்ளவேண்டும் என்பதும் இச்சட்டத்தின் ஏற்பாடாகும்.

அதே 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் யுத்தம் கைதடியை எட்டியபோது, அங்கிருந்த அரசினர் முதியோர் இல்லத்தில் இருந்தவர்கள் நடுவில் அகப்பட்டனர். ஓடக்கூடியவர்கள் ஓடினார்கள், ஓட முடியாத முதியோரில் சிலர் உயிரிழந்தார்கள். இல்லத்தில் வாழ்பவர் தம் பாதுகாப்புக்கு எவ்வளவு தூரம் பிறரை நம்பியிருக்கிறார் என்பதை இதைவிடத் தெளிவாக எடுத்துச் சொல்ல முடியாது. சமாதான காலத்திலும் நிலைமை அதுதான். கதவு திறப்பதும், விளக்கு அணைப்பதும், தண்ணீர் கிடைப்பதும் பிறர் கையிலேயே உள்ளன.

எவை அந்த உரிமைகள்?

1. அறிந்து சம்மதித்தல். "இரண்டு நாள் இருந்து பாருங்கோ" என்று ஏமாற்றிக் கொண்டுபோய் விடுவது பாவம். எங்கே போகிறோம், மாதம் எவ்வளவு, ஒழுங்குகள் எவை என்பன முன்னரே சொல்லப்படவேண்டும். உடன்பாடு தமிழில், எழுத்தில் இருப்பது நல்லது.

2. பணமும் பத்திரங்களும். பென்சன் பணம், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், நகை, காணி உறுதி ஆகியவை முதியவருக்கே உரியன. பிறர் பொறுப்பிற் கொடுத்தால் பற்றுச்சீட்டுப் பெறவேண்டும். வீட்டைப் பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கும் பெற்றோர், தங்கள் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு எழுதுவதே புத்தி. அற்றோணித் தத்துவம் எதற்கும் வாசித்து விளக்கம் பெறாமல் கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ வைக்கக் கூடாது.

3. உடலும் அந்தரங்கமும். குளிக்க வார்ப்பதும் உடை மாற்றுவதும் மறைவில் நடக்கவேண்டும். கடிதமும் தொலைபேசிப் பேச்சும் அவருடைய சொந்த விடயம். அவர் சம்மதமின்றிப் படம் எடுப்பதும், எடுத்ததை ஊருக்குக் காட்டுவதும் தவறு.

4. மருத்துவம். என்ன நோய், என்ன மருந்து என்பதை அவரிடமே சொல்லவேண்டும். வேலைக்கு இலகுவாகட்டும் என்று கட்டிவைப்பதும், நித்திரை மருந்து கொடுத்து அடக்குவதும் கொடுமையாகும்.

5. சமயமும் வாக்கும் உறவும். தம் சமயப்படி வழிபட இடமிருக்கவேண்டும்; கத்தோலிக்க இல்லத்திலுள்ள சைவருக்கும் அப்படியே. வாக்காளர் இடாப்பில் அவர் பெயர் இருக்கவேண்டும். உறவினரும் நண்பரும் வந்து பார்க்க வழியிருக்கவேண்டும்.

6. முறையிடுதல். குறை சொன்னவரைக் கடிந்துகொள்வதோ, அவருடைய கவனிப்பைக் குறைப்பதோ ஆகாது. மற்ற உரிமைகள் எல்லாம் இந்த உரிமையில் தங்கியுள்ளன. பயந்தவர் எதையும் கேட்கமாட்டார்.

இவற்றைச் சொல்வதால் இல்லங்களை நடத்தும் கன்னியரையும் பணியாளரையும் குற்றம் சாட்டுவதாக யாரும் எண்ணவேண்டாம். குறைந்த சம்பளத்தில், இரவு முழுவதும் பலரைத் தனியே கவனிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய களைப்பைத் தீர்க்காமல் முதியோருக்கு நீதி கிடைக்காது. ஒரு நேரச் சாப்பாடு கொடுக்கும் அன்பர்கள், ஒரு மாதத்திற்கு மேலதிகப் பணியாளர் ஒருவரின் சம்பளத்தையும் கொடுக்க யோசிக்கலாம்.

எங்கே முறையிடுவது?

முதலில் இல்லப் பொறுப்பாளரிடம் பேசுங்கள். தீராவிட்டால், அப்பகுதிப் பிரதேச செயலகத்தின் சமூக சேவைப் பகுதிக்குச் செல்லுங்கள். உடுவில் பகுதியினருக்கு உடுவில் பிரதேச செயலகம் உண்டு. அதற்கு மேல் முதியோருக்கான தேசிய செயலகம் இருக்கின்றது. அரச நிலையமொன்றில் அடிப்படை உரிமை மீறப்பட்டால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் முறையிடலாம். அடித்தல், களவு போன்றவை பொலிசுக்குரிய குற்றங்கள்.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய பாதுகாப்பு, அடிக்கடி வந்துபோகும் ஒரு மனிதர். யாராவது வந்து விசாரிக்கும் முதியவரை அலட்சியம் செய்ய எவரும் தயங்குவர். பிள்ளைகள் கடல் கடந்து இருந்தால், மருமகனோ, அயலவரோ, பழைய மாணவரோ, பங்கு இளைஞரோ அந்த இடத்தை நிரப்பலாம். போகும்போது பழம் கொண்டுபோகாவிட்டாலும் பரவாயில்லை. கதிரையை அருகில் இழுத்துப் போட்டு இருந்து, என்ன வேண்டும் என்று கேளுங்கள்.

அந்த ஆசிரியையிடம் அடுத்த முறை நான் கேட்டேன். ஒரு கண்ணாடியும், காலையில் வாசிக்க ஒரு பத்திரிகையும் வேண்டும் என்றார். அவ்வளவுதான்.

குடும்பமாகக் கூடிச் சிந்திக்க:

1. நமது உறவினர் எவராவது முதியோர் இல்லத்தில் இருக்கிறாரா? அவரைக் கடைசியாக எப்போது பார்த்தோம்?

2. அங்கே போவதற்கு அவர் சம்மதித்தாரா, நாம் தீர்மானித்தோமா?

3. நினைவு நாட்களில் நாம் கொடுக்கும் உணவு, உண்பவரின் வசதிப்படி நடக்கின்றதா, நம் வசதிப்படியா?

4. நமது வீட்டிலேயே இருக்கும் அப்பு ஆச்சியிடம், இன்று அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டோமா?