டயருக்கு வெள்ளை அடிக்கும் முன் டயரைப் படிப்போம்



பெருநாள் நெருங்கும்போது பைக், ஆட்டோ டயர்களில் புடைத்து நிற்கும் எழுத்துகளுக்கு நம் இளைஞர்கள் வெள்ளை அடிப்பதுண்டு. சிலர் பழைய அம்பாசடர் கார் போல வெள்ளை வளையமும் போடுவார்கள். அழகுபடுத்துவது தவறல்ல. ஆனால் அந்த எழுத்துகளில் நம் உயிர் சம்பந்தப்பட்ட செய்தி இருக்கிறது.

வெள்ளை எங்கிருந்து வந்தது?

ஆரம்ப காலத்து டயர் கறுப்பு அல்ல. ரப்பருடன் துத்தநாக ஆக்ஸைடு கலந்ததால் வெளிறியே இருந்தது. 1910-களில் கார்பன் பிளாக் என்னும் கரித்தூளைக் கலந்தார்கள். தேய்மானம் குறைந்தது, வெயிலையும் தாங்கியது. சாலையில் உரசும் பகுதி மட்டும் கறுப்பாகி, பக்கவாட்டு வெள்ளையாக நின்றதே பின்னாளில் அலங்காரமானது.

எதைப் படிக்க வேண்டும்?

ஸ்கூட்டர் டயர் ஒன்றில் 90/90-12 54ஜே என்று இருந்தால்: அகலம் 90 மி.மீ.; உயரம் அகலத்தில் 90 சதவீதம்; ரிம் 12 அங்குலம். 54 என்பது அந்த டயர் தாங்கும் 212 கிலோ எடையையும், ஜே என்பது மணிக்கு 100 கி.மீ. வேக வரம்பையும் குறிக்கும்.

நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கம் டயரின் வயது. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது.

எப்படி அடிப்பது?

1. சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள்.
2. பக்கவாட்டில் வெடிப்பு, வீக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெயிண்ட் வேண்டாம். டயர் கடைக்குப் போங்கள்.
3. டயருக்கென்றே விற்கும் பெயிண்ட் பேனாவால் கம்பெனிப் பெயருக்கு மட்டும் மெல்லியதாக இரண்டு முறை பூசுங்கள்.
4. எண்கள் மீதும், சாலையில் உரசும் பகுதியிலும் பூசாதீர்கள்.

வீட்டுக் கதவுக்கு அடிக்கும் எனாமல் வேண்டாம். டயர் சுழலும்போது பக்கவாட்டு வளைந்து நிமிரும். எனாமல் இறுகி உரிந்துவிடும். பெட்ரோல், தின்னர் ரப்பரையே கெடுக்கும்.

பழைய டயர் வாங்கும்போது பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். வெடிப்பைப் பெயிண்டால் மூடி விற்பது வியாபாரமல்ல, மோசடி. அறந்தாங்கியிலிருந்து கோட்டைப்பட்டினம் வரை வெயிலில் ஓடும் ஆட்டோவில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் ஓட்டுநரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

பயிற்சி: இன்றே உங்கள் வண்டி டயரின் நான்கு இலக்கத்தைத் தேடிப் பிடித்து, அதன் வயதைக் கணக்கிடுங்கள்.